ஒரு சொட்டுக்கும் குறைவாக

மருந்துச் சொட்டானில் 1 மில்லிலிட்டர் தண்ணீரை எடுத்து மெல்ல அழுத்தினால் ஏறத்தாழ 20 சொட்டுகள் விழும். ஒரு சொட்டு 0.05 மில்லிலிட்டர். நம் தெருக்களில் ஒரு காலத்தில் நிறைய ஓடிய மாருதி எஸ்டீம் காரை எடுத்துக்கொள்வோம். அதன் 1298 சிசி இன்ஜின், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போதும், ஒரு சிலிண்டர் ஒருமுறை எரிய எடுத்துக்கொள்ளும் பெட்ரோல் 0.036 மில்லிலிட்டர்தான். ஒரு சொட்டில் முக்கால் பங்குகூடக் கிடையாது. இந்த அளவை நொடிக்கு 50 தடவை, தடவைக்குத் தடவை பிசகாமல், பொடிப்பொடியான திவலைகளாக்கித் தருகிறது விரல் நீளமுள்ள ஒரு கருவி. அதன் பெயர் இன்ஜெக்டர். சிலிண்டருக்கு ஒன்றாக எஸ்டீமில் நான்கு உண்டு.

எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளிலும், அண்ணாசாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும், அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கத்து ஒர்க் ஷாப்புகளிலும் வண்டியை மாடிஃபை செய்ய வரும் இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “எத்தனை சிசி இன்ஜெக்டர் போடலாம்ணே?” பலருக்குக் கிடைக்கும் பதில், “பெருசா போட்டுக்கோ தம்பி, பவர் வரும்” என்பது. கேள்வி நல்ல கேள்வி. பதில்தான் இன்ஜினைக் கெடுக்கிறது. பெரிய இன்ஜெக்டர் தானாகச் சக்தியைத் தராது. சக்தி காற்றிலிருந்து வருகிறது. அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை, அதிகபட்சத் தேவையிலும் குறைந்தபட்சத் தேவையிலும் சரியாக அளந்து தரக்கூடியதே நல்ல இன்ஜெக்டர். அந்த அளவு என்ன என்பதை ஒரு பள்ளி மாணவரே தாளும் பென்சிலும் கொண்டு கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்து பார்க்கப்போகிறோம்.

கார்புரேட்டரிலிருந்து இன்ஜெக்டருக்கு

முன்பு இந்த வேலையைக் கார்புரேட்டர் செய்தது. குறுகலான குழாய் வழியே காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவு சிறு துளை வழியே பெட்ரோலை உறிஞ்சி மேலே இழுக்கும். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் காற்று சூடானதா குளிர்ந்ததா, வண்டி கடற்கரையில் ஓடுகிறதா மலையில் ஏறுகிறதா என்பதெல்லாம் கார்புரேட்டருக்குத் தெரியாது.

1954-இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல் கார் இயந்திர பம்பு மூலம் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சியது. 1967-இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு முறை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அளந்து, அதற்கேற்ப இன்ஜெக்டரை எத்தனை மில்லிநொடி திறப்பது என்று ஒரு மின்சுற்று முடிவு செய்தது. இன்றைய கார்களின் மூளையான ஈசியூ அதே வேலையைத்தான் இன்னும் நுட்பமாகச் செய்கிறது.

நம் ஊரில் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவை புகைக் கட்டுப்பாட்டு விதிகள். 2000-இல் நாடு முழுவதும் புதிய கார்களுக்கு விதிகள் இறுகின. 2001-இல் சென்னைக்குப் பாரத் ஸ்டேஜ் 2 வந்தது. பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் மறைந்து இன்ஜெக்டர் இடம்பிடித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தபோது இருசக்கர வாகனங்களுக்கும் அதே நிலை. இன்று பாண்டி பஜாரில் நிற்கும் ஸ்கூட்டருக்குள்ளும் ஒரு சின்ன இன்ஜெக்டர் இருக்கிறது.

உள்ளே நடப்பது

இன்ஜெக்டருக்குப் பின்னால் பெட்ரோல் எப்போதும் அழுத்தத்தில் காத்திருக்கும். பெரும்பாலான கார்களில் அந்த அழுத்தம் சுமார் 3 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல மூன்று மடங்கு. இன்ஜெக்டரின் வாயை ஓர் ஊசி அடைத்திருக்கும். அதைச் சுற்றியுள்ள காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் உண்டாகி ஊசியை மேலே இழுக்கும். ஊசி எழும்பும் உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். அந்த இடுக்கு வழியே பெட்ரோல் சீறிப் பாய்ந்து, நுனியிலுள்ள நுண்துளைகளில் உடைந்து திவலைகளாகும். மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் ஊசியைத் திரும்ப அழுத்தி மூடும்.

ஆக, இன்ஜெக்டருக்குத் தெரிந்தது திறப்பதும் மூடுவதும் மட்டுமே. பாதி திறப்பு என்று ஒன்று கிடையாது. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை மாற்றித்தான் அளவை மாற்ற முடியும். ‘இத்தனை சிசி இன்ஜெக்டர்’ என்றால், 3 பார் அழுத்தத்தில் ஒரு நிமிடம் மூடாமல் திறந்தே வைத்தால் இத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் வரும் என்று பொருள். அமெரிக்கச் சாமான்களில் இதை மணிக்கு இத்தனை பவுண்டு என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணை 10.5 ஆல் பெருக்கினால் சிசி கிடைக்கும்.

இரண்டு வழிக் கணக்கு

முதல் வழி, காற்றிலிருந்து தொடங்குவது. எஸ்டீமின் 1298 சிசியை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 324.5 சிசி. உச்ச வேகத்தில் சிலிண்டர் முழுமையாக நிரம்பாது. 90 சதவீதம் நிரம்புகிறது என்று கொள்வோம். 35 டிகிரி வெயிலில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றின் எடை 1.15 மில்லிகிராம். ஆக உள்ளே போகும் காற்று சுமார் 336 மில்லிகிராம். 1 கிராம் பெட்ரோல் மீதமின்றி எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆனால் முழுச் சக்தி எடுக்கும்போது 12.5 கிராம் காற்றுக்கே 1 கிராம் பெட்ரோல் கொடுப்பார்கள். சற்றுக் கூடுதலாக வரும் பெட்ரோல், உள்ளே வந்த ஆக்ஸிஜன் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ள உதவும். ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிச் சிலிண்டரைக் குளிர்விக்கவும் செய்யும். 336-ஐ 12.5 ஆல் வகுத்தால் 27 மில்லிகிராம். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. 1 சிசி 0.74 கிராம்தான். ஆகவே 27 மில்லிகிராம் என்பது 0.036 சிசி. தொடக்கத்தில் சொன்ன எண் இப்படித்தான் வந்தது. நொடிக்கு 50 தடவை, நிமிடத்துக்கு 3,000 தடவை என்றால் நிமிடத்துக்கு சுமார் 109 சிசி.

இரண்டாம் வழி, சக்தியிலிருந்து தொடங்குவது. எஸ்டீம் இன்ஜினின் சக்தி 85 குதிரைத்திறன். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் முழு மிதியில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 220 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்பது மெக்கானிக்கல் மாணவர்கள் அறிந்த தோராயம். 85-ஐ 220 ஆல் பெருக்கினால் மணிக்கு 18.7 கிலோ. நிமிடத்துக்கு மாற்றி, நான்கு சிலிண்டருக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 105 சிசி.

ஒரு வழியில் 109, மறுவழியில் 105. ஒன்று காற்றின் எடையிலிருந்து போனது, மற்றொன்று இன்ஜின் தரும் சக்தியிலிருந்து திரும்பி வந்தது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஒரு கணக்கு நம்மை ஏமாற்றவில்லை என்று உறுதி செய்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. காசைச் செலவழிக்கும் முன் இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். விடைகள் வெகுதூரம் விலகினால் எங்கோ ஒரு எண் பொய் சொல்கிறது. பெரும்பாலும் அது நாம் எதிர்பார்க்கும் குதிரைத்திறனாக இருக்கும்.

சரி, 109 சிசி இன்ஜெக்டர் போதுமா? போதாது. 6,000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைக்கும் நேரம் 20 மில்லிநொடி. 20-உம் திறந்தே இருந்தால் ஊசிக்கு மூடித் திறக்க நேரம் இருக்காது; ஈசியூவின் கட்டுப்பாடு கைவிட்டுப் போகும். அதனால் 80 சதவீத நேரம், அதாவது 16 மில்லிநொடிக்குமேல் திறந்து வைக்கக்கூடாது என்பது டியூனர்கள் கடைப்பிடிக்கும் வரம்பு. இந்தச் சதவீதத்தைத்தான் டியூட்டி சைக்கிள் என்கிறார்கள். 109-ஐ 0.8 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 135 சிசி. மாடிஃபை செய்யாத எஸ்டீமுக்கு வேண்டிய அளவு இது.

இப்போது அதே இன்ஜினுக்கு டர்போ வைத்து 150 குதிரைத்திறன் எடுக்க நினைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்குமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெட்ரோலின் கணக்கை மட்டும் இங்கே பார்ப்போம். டர்போ இன்ஜினில் வெப்பம் அதிகம். குளிர்விக்கவே கூடுதல் பெட்ரோல் வேண்டும். குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் என்று கொண்டால், மேலே செய்த அதே கணக்கில் இன்ஜெக்டர் ஒன்றுக்கு 285 சிசி வருகிறது. ‘பெருசா போட்டுக்கோ’ என்று கடைக்காரர் எடுத்து வைப்பது 550 சிசி என்றால், இது அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கிறது.

சிறிய முனையில் என்ன ஆகிறது

கூடுதலாக இருந்தால் என்ன, ஈசியூ குறைத்துத் திறக்கட்டுமே என்று தோன்றும். வண்டி சிக்னலில் நிற்கும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

லஸ் கார்னரில் சிவப்பு விளக்கு. இன்ஜின் 800 சுற்றில் ஐடிலில் ஓடுகிறது. 1.3 லிட்டர் இன்ஜின் ஐடிலில் மணிக்கு 0.7 லிட்டர் குடிப்பதாகக் கொள்வோம். ஒரு மணியில் நான்கு சிலிண்டரும் சேர்ந்து 96,000 தடவை எரிகின்றன. வகுத்தால் ஒரு தடவைக்கு சுமார் 7.3 கன மில்லிமீட்டர். உச்ச வேகத்தில் வேண்டியிருந்த 0.036 சிசியில், அதாவது 36 கன மில்லிமீட்டரில், ஐந்தில் ஒரு பங்கு. 135 சிசி இன்ஜெக்டர் இதைத் தர 3.2 மில்லிநொடி திறந்தால் போதும். 300 சிசி இன்ஜெக்டருக்கு 1.5 மில்லிநொடி. 550-க்கு 0.8 மில்லிநொடி மட்டுமே.

ஊசிக்கு எடை உண்டு. மின்சாரம் வந்த உடனே அது எழும்பிவிடாது. காயிலில் காந்தம் கூடி ஊசி நகர ஏறத்தாழ 1 மில்லிநொடி ஆகும். பெட்ரோல் வராத அந்த நேரத்தை டெட் டைம் என்பார்கள். ஈசியூ அதையும் சேர்த்தே மின்சாரம் தர வேண்டும். இந்தக் கணிப்பு 0.1 மில்லிநொடி தவறினால், 135 சிசி இன்ஜெக்டரில் பெட்ரோல் 3 சதவீதம் பிசகும். 550-இல் 12 சதவீதத்துக்குமேல். அவ்வளவு குறுகிய நேரத்தில் ஊசி முழு உயரம் எழும்பும் முன்பே இறங்கத் தொடங்குவதால், நேரத்துக்கும் அளவுக்கும் உள்ள நேர்ப் பொருத்தமும் அங்கே குலைகிறது. சாம்பாருக்குப் பெருங்காயத்தைச் சாதக் கரண்டியால் அளப்பது போன்ற நிலை. இன்ஜின் தடுமாறும், பெட்ரோல் நாற்றம் வரும், மிதித்து எடுக்கும்போது இழுவை வெட்டி வெட்டி வரும்.

டெட் டைம் பேட்டரியின் வோல்ட்டேஜைப் பொறுத்து மாறுவது இன்னொரு நுட்பம். 14 வோல்ட்டில் 1 மில்லிநொடி என்றால், வோல்ட்டேஜ் இறங்க இறங்க அது நீளும். மே மாதத்து மாலையில் உஸ்மான் சாலையில் ஊர்ந்து செல்லும் வண்டியில் ஏசி, ரேடியேட்டர் விசிறி, முகப்பு விளக்கு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும். எந்த வோல்ட்டில் எத்தனை மில்லிநொடி என்ற அட்டவணை இன்ஜெக்டரோடு வந்து, அதை ஈசியூவில் ஏற்றியிருந்தால் சிக்கல் இல்லை. அந்த அட்டவணை துல்லியமாக இருந்தால், இன்றைய நல்ல இன்ஜெக்டர்களில் பெரியவற்றையும்கூட ஐடிலில் அமைதியாக ஓட வைக்கலாம். அது கிடைக்காமல் பெரிய இன்ஜெக்டர் வாங்கினால் இருட்டில்தான் டியூன் செய்ய வேண்டியிருக்கும்.

அழுத்தமும் அதன் வர்க்கமூலமும்

அழுத்தத்தை ஏற்றினால் அதே இன்ஜெக்டரில் அதிகப் பெட்ரோல் வரும். ஆனால் எவ்வளவு அதிகம் என்பதைத் திரவங்களின் இயல்பு தீர்மானிக்கிறது. துளை வழியே பாயும் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். 3 பாரை 4 பார் ஆக்கினால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஓட்டம் கூடுவதோ 15 சதவீதம். இரண்டு மடங்கு ஓட்டம் வேண்டுமானால் நான்கு மடங்கு அழுத்தம் தேவை. ஒரே இன்ஜெக்டரை ஒருவர் 3 பாரிலும் மற்றொருவர் 4 பாரிலும் அளந்து வெவ்வேறு சிசி எழுதி விற்க முடியும். அதனால் எந்த அழுத்தத்தில் அளந்தது என்று கேட்காமல் சிசி எண்ணை நம்பக்கூடாது.

டர்போ வண்டியில் இதே விதி ஆபத்தாக மாறலாம். இன்ஜெக்டரின் வாய் திறப்பது மேனிஃபோல்டுக்குள். டர்போ அங்கே 0.7 பார் கூடுதல் அழுத்தம் தந்தால், வெளியேறும் பெட்ரோலை அது எதிர்த்துத் தள்ளும். பெட்ரோலின் அழுத்தத்தை நிலைநிறுத்தும் ரெகுலேட்டர் 3 பாரிலேயே நின்றுவிட்டால் உண்மையில் தள்ளும் அழுத்தம் 2.3 பார்தான். ஓட்டம் 12 சதவீதம் குறையும். இன்ஜினுக்கு மிக அதிகமாகப் பெட்ரோல் வேண்டிய அதே நொடியில் இது நடக்கிறது. கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆகும், வெப்பம் ஏறும், நாக்கிங் எனும் கட்டுமீறிய எரிதல் தொடங்கும், பிஸ்டனின் தலை உருகும். மேனிஃபோல்டு அழுத்தத்தைக் குழாய் வழியே உணர்ந்து அதற்கு ஈடாகத் தானும் ஏறும் ரெகுலேட்டர் இதைத் தவிர்க்கும். பம்பின் திறனும் அழுத்தம் ஏற ஏறக் குறையும் என்பதால், அந்த உயர்ந்த அழுத்தத்தில் அது எத்தனை லிட்டர் தரும் என்பதையே பார்க்க வேண்டும்.

சென்னைக் காற்றும் சென்னைப் பெட்ரோலும்

இதுவரை போட்ட கணக்கை எந்த ஊரிலும் போடலாம். இனி வருவது நம் ஊருக்கே உரியது.

மே மாதப் பிற்பகல், 35 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்றில் நூற்றுக்கு மூன்றுக்கும் மேற்பட்ட பங்கு நீராவி. நீராவி சிலிண்டரில் இடத்தைப் பிடிக்கும், எரிய உதவாது. வெப்பத்தால் காற்றும் விரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து, 15 டிகிரி உலர்ந்த காற்றோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜனை நம் இன்ஜின் இழக்கிறது. வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் சென்சார் காரில் உண்டு. ஈரப்பதத்தை அளப்பது பெரும்பாலான கார்களில் கிடையாது.

அதே இன்ஜின் ஜனவரி இரவில் 22 டிகிரியில் ஓடினால்? காற்று நான்கு சதவீதத்துக்குமேல் அடர்ந்துவிடும், நீராவியும் குறைந்திருக்கும். மொத்தத்தில் மே மாதத்தைவிட 6 சதவீதம் கூடுதல் ஆக்ஸிஜன் உள்ளே வரும். மே வெயிலில் டியூன் செய்து 80 சதவீதத்தில் நின்ற இன்ஜெக்டர் ஜனவரியில் 85-ஐத் தொடும். ஆகவே இன்ஜெக்டரைத் தேர்வதற்கு அளவுகோல் ஆண்டின் மிகக் குளிர்ந்த, உலர்ந்த இரவு. சென்னைக்காரர்கள் அக்னி நட்சத்திர நாட்களை வைத்துக் கணக்குப் போட்டால் மார்கழியில் மாட்டிக்கொள்வார்கள். ஊட்டிக்கு ஏறினால் நிலைமை தலைகீழ். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். கார்புரேட்டர் வண்டிகள் அங்கே பெட்ரோல் மிகுந்து ரிச் ஆகிக் கரும்புகை விட்டதை அந்தக் கால ஓட்டுநர்கள் அறிவார்கள். இன்ஜெக்டர் வண்டி தானாகக் குறைத்துக்கொள்ளும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இன்று நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலின் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும்; எத்தனாலுக்கு 9 கிராம். கலவைக்குக் கணக்கிட்டால் சுமார் 13.5. அதே காற்றுக்கு அளவில் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும் என்பது இதன் பொருள். எத்தனால் நாக்கிங்கை எதிர்க்கும், ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகமாகக் குளிர்விக்கும். டர்போ இன்ஜினுக்கு இவை நல்ல செய்திகள். ஆனால் இன்ஜெக்டர் அளவைக் கூட்டாமல் விட்டால் அந்த நன்மை கிடைக்காது. பழைய கார்களின் ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் எத்தனாலைத் தாங்குமா என்பதையும் கூடவே பார்த்துவிட வேண்டும்.

இப்போது நம் எண்ணைத் திருத்துவோம். 285 சிசியில் தொடங்கினோம். எத்தனாலுக்கு 8 சதவீதம் கூட்டினால் 308. மார்கழிக் குளிருக்கு 6 சதவீதம் கூட்டினால் 326. ஆக 330 முதல் 350 சிசி வரை உள்ள இன்ஜெக்டர் இந்த இன்ஜினுக்குப் பொருந்தும். அல்லது 300 சிசி இன்ஜெக்டரை 4 பாரில் ஓட்டலாம். அதுவும் 346 சிசி தரும். ஐடிலில் இவை 1.4 மில்லிநொடியை ஒட்டித் திறக்கும். இரண்டு முனையும் கைக்குள் அடங்குகிறது.

நான்கும் ஒன்றுபோல

அளவு முடிவான பிறகு பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மின்தடை. சாதாரண இன்ஜெக்டர்களின் காயில் 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். பழைய பந்தய இன்ஜெக்டர்களில் சில 2 அல்லது 3 ஓம் மட்டுமே. அவற்றைச் சாதாரண ஈசியூவில் நேரே இணைத்தால் ஐந்தாறு ஆம்பியர் பாய்ந்து ஈசியூவின் உள்ளே உள்ள மின்சுற்று கருகிவிடும்.

இரண்டாவது, தெளிப்பின் வடிவம். எஸ்டீமின் 16 வால்வு இன்ஜினில் ஒரு சிலிண்டருக்குக் காற்று நுழையும் வால்வுகள் இரண்டு. இன்ஜெக்டரின் தெளிப்பு இரண்டாகப் பிரிந்து இரண்டு வால்வின் முதுகிலும் விழ வேண்டும். நடுச்சுவரில் விழுந்தால் பெட்ரோல் படலமாக ஒட்டிக்கொண்டு, மிதிக்கும் நொடியில் வராமல் அடுத்த நொடியில் வழியும். சென்னை ஐஐடியின் தேசிய எரிதல் ஆய்வு மையத்தில் ஆராயப்படும் பொருள்களில் தெளிப்பும் ஒன்று. திவலையின் அளவு எரிதலை எப்படி மாற்றுகிறது என்பது இன்றும் முடிந்துபோன கேள்வி அல்ல.

மூன்றாவது, நான்கும் ஒன்றுபோல இருப்பது. பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் கலவையைக் கவனிக்கும் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்றுதான், நான்கு புகையும் கலந்த இடத்தில். ஓர் இன்ஜெக்டர் 8 சதவீதம் குறைவாகத் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியில் 2 சதவீதக் குறைவே தெரியும். ஈசியூ எல்லோருக்கும் 2 சதவீதம் கூட்டும். பலவீனமான சிலிண்டர் இன்னும் 6 சதவீதம் லீன் ஆகவே எரியும். டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. ஒருநாள் அந்த ஒரு பிஸ்டன் மட்டும் போகும். புதுப்பேட்டையில் நான்கு வெவ்வேறு வண்டியிலிருந்து கழற்றிய, பார்வைக்கு ஒரேபோல் உள்ள இன்ஜெக்டர்களை வாங்கும்போது இந்த ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். நகரில் இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் கடைகளில் அளவுகோடு போட்ட கண்ணாடிக் குழாய்களுக்கு மேல் நான்கையும் பொருத்தி ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். நான்கு குழாயிலும் மட்டம் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். சில நூறு ரூபாய்ச் செலவில் ஓர் இன்ஜினைக் காப்பாற்றும் சோதனை இது. அதன் மதிப்பு நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

எங்கே ஓட்டுவது

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர்த் தடம் வந்தது. கோவையின் கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்கள் அங்கே ஓடின. சின்ன இன்ஜினைச் சரியாக அமைத்தாலே இளைஞர்கள் பந்தயம் கற்கலாம் என்பதை அவை காட்டின. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவு வெளிச்சத்தில் ஓடியதை நகரமே பார்த்தது. இந்த மரபின் அடியில் எப்போதும் இருந்தது, அளந்து பார்க்கும் பழக்கம்.

மாடிஃபை செய்த இன்ஜினுக்கு உரிய இடமும் பந்தயத் தடம்தான். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. அளவுக்கு மீறிய இன்ஜெக்டரால் எரியாமல் வெளியேறும் பெட்ரோல், சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்கும். பிறகு அந்தப் புகை, பஸ் நிறுத்தத்தில் பள்ளிப் பையோடு நிற்கும் பிள்ளையின் நுரையீரலுக்குப் போகும். கார்புரேட்டரை விட்டு நாம் இன்ஜெக்டருக்கு வந்ததே அந்தப் புகையைக் குறைக்கத்தான்.

ஆகவே தடத்தில் ஓட்டுவதற்காக இன்ஜெக்டர் வாங்கப் போகும் தம்பிகளும் தங்கைகளும் முதலில் காற்றின் வழியிலும் சக்தியின் வழியிலும் கணக்கைப் போடுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் போகாதபடி அளவைத் தேருங்கள். எத்தனாலையும் மார்கழியையும் மறக்க வேண்டாம். ஐடிலில் எத்தனை மில்லிநொடி வரும் என்று வகுத்துப் பாருங்கள். 1 மில்லிநொடிக்குக் கீழே இறங்கினால் அதைவிடச் சின்னதைத் தேடுங்கள். கடையில் நான்கு விவரங்களைக் கேளுங்கள்: எந்த அழுத்தத்தில் எத்தனை சிசி, எத்தனை ஓம், வோல்ட்டேஜுக்கு ஏற்ற டெட் டைம் எவ்வளவு, நான்குக்கும் இடையே வித்தியாசம் எத்தனை சதவீதம். புதிய எண்களை ஈசியூவில் ஏற்றாமல் இன்ஜினை முடுக்க வேண்டாம். 135-க்குப் பழகிய மூளை 340-ஐத் திறந்தால் இரண்டரை மடங்கு பெட்ரோல் கொட்டும். இந்த நான்கு விவரங்களையும் எழுத்தில் தரும் கடையில் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள். தராத கடையில் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.